கடைக்குக் குறி, வீட்டுக்குத் திரை

சென்ற டிசம்பர் விடுமுறையில் ஒரு நாள் பகல், தெரணியகலைக் கடைத்தெருவில் மாமாவின் சாப்பாட்டுக் கடைக்குச் சற்றுத் தள்ளி நானும் உம்மாவும் நின்றிருந்தோம். மாலிபொடைப் பக்கம் குளித்துவிட்டுத் திரும்பும் வேன் ஒன்று எம்மருகில் வந்து நின்றது. முன்னால் இருந்தவர் கையில் போனை வைத்துக்கொண்டு, "இங்கே பக்கத்தில் நல்ல சாப்பாட்டுக் கடை இருக்கிறதா?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் மாமாவின் கடையைக் காட்டினேன். அவர் கடையைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார். "இதில் இல்லையே" என்றார். பின்னால் இருந்தவர்களோடு ஏதோ பேசினார். அவிசாவளையில் போய்ச் சாப்பிடுவோம் என்று முடிவாயிற்று. வேன் போய்விட்டது.

பத்து எட்டுத் தூரத்தில் சுடச்சுடச் சோறும் கறியும் இருந்தன. பிள்ளைகளோ வேனுக்குள் பசியோடு இருந்தார்கள். இருந்தும் அந்த வியாபாரம் நடக்கவில்லை. அன்று எனக்கு வந்த கோபம் அந்த மனிதர் மீதல்ல, எம் மீதுதான். முப்பது வருடமாக மாமா அந்த இடத்தில் கடை நடத்துகிறார். அவரது பிள்ளைகளும் மருமக்களுமாகிய நாம் நாள்தோறும் மணிக்கணக்கில் போனைத் தடவுகிறோம். அந்தக் கடை இந்த இடத்தில் இருக்கிறது என்று ஒருவராவது அதில் எழுதி வைக்கவில்லையே!

நான் உயர்தரத்தில் வணிகப் பிரிவில் படிக்கிறேன். வணிகக்கல்வியில் சந்தைப்படுத்தல் கலவை என்று ஒரு பாடம் வருகிறது. உற்பத்திப் பொருள், விலை, இடம், மேம்படுத்தல் என்னும் நான்கையும் ஒரே சட்டத்துக்குள் வைத்து 1960 இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி எழுதினார். இதில் 'இடம்' என்பது பொருள் எந்த வழியால் வாடிக்கையாளரைச் சென்றடைகிறது என்பதைக் குறிக்கும். 'மேம்படுத்தல்' என்பது அதைப் பற்றி அவருக்கு எடுத்துச் சொல்வது. இன்று நாம் 'லொகேஷன் போடுதல்' என்று சொல்லும் காரியம் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. கூகுள் மெப்பில் கடைக்கு ஒரு குறி வைப்பதும், முகநூலிலோ இன்ஸ்டகிராமிலோ ஒரு சாப்பாட்டுப் படத்தோடு அந்தக் கடையின் பெயரையும் ஊரையும் இணைத்து விடுவதும்தான் அது. படத்தைப் பார்ப்பவர் அந்தப் பெயரைத் தொட்டால் வழி திறந்துவிடும்.

இது எமது ஊர்களுக்கு மிகவும் தேவையானது என்பதே என் கருத்து. ஆனால் எல்லாவற்றுக்கும் லொகேஷன் போடலாம் என்பதல்ல. எதற்குப் போட வேண்டும், எதற்குப் போடக் கூடாது என்பதை எம் வீட்டில் நடந்த இரண்டு சம்பவங்களிலிருந்து கற்றுக்கொண்டேன். அதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் மாமாவின் கதை. நான் இதைச் சொன்னவுடன் அவர் சிரித்தார். "எங்கட கடையத் தெரியாத ஆள் இந்த ஊர்ல யாரு மகள்? தோட்டத்தில இருந்து சம்பள நாளைக்கு இறங்கி வாற ஆக்களுக்கு மெப் காட்டியா நான் சோறு கொடுக்கிறன்?" என்றார். அவர் சொன்னது உண்மைதான். தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலிருந்து வருபவர்களும், கிராமத்துச் சிங்கள மக்களும், எம்மவர்களும் கடையை அறிவார்கள். கடன் கொப்பியில் அவர்கள் எல்லாருடைய பெயரும் இருக்கிறது. ஆனால் 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அந்தக் கொப்பி தடித்ததே தவிர, மேசையில் காசு கூடவில்லை. அறிந்தவர்களிடமே பணம் இல்லாதபோது, அறியாதவர்களும் வந்தால்தானே கடை நிமிரும்?

அறியாதவர்கள் எமது பாதையால் போகாமலும் இல்லை. அவிசாவளையிலிருந்து தெஹியோவிட்டை வழியாகத் தெரணியகலைக்கு வந்து, மாலிபொடைப் பக்கம் அருவிகளைப் பார்க்கப் போகிறார்கள். சிவனொளிபாத மலைக்கு ஏறும் காட்டுப்பாதை ஒன்றும் அந்தப் பக்கமாகப் போகிறது. கித்துள் பாணி வாங்கவென்றே வருபவர்களும் உண்டு. ஓர் இடத்தின் பெயர் வெளியே தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எமது கேகாலை மாவட்டத்திலுள்ள கித்துல்கலையே சாட்சி. 1957 இல் வெளியான 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்' என்னும் ஆங்கிலப் படத்தில் வரும் பாலம் கதைப்படி தாய்லாந்தில் இருக்கிறது. ஆனால் அதை டேவிட் லீன் படமாக்கியது கித்துல்கலையில், களனி கங்கையின் கரையில். அந்தச் செய்தி ஒருவர் சொல்லி ஒருவருக்குத் தெரிந்து, இன்றும் வெளிநாட்டவர்கள் அந்தக் கரையைத் தேடி வருகிறார்கள். அன்று அந்த இடத்தின் பெயரைப் பரப்ப ஒரு திரைப்படம் தேவைப்பட்டது. இன்று ஒரு போன் போதும்.

அதற்குச் செலவும் இல்லை. கூகுளில் ஒரு கடைக்குப் பக்கம் திறப்பது இலவசம். எந்தக் கடையை முதலில் காட்டுவது என்பதற்கு அந்த நிறுவனமே மூன்று அடிப்படைகளைச் சொல்கிறது. தேடும் சொல்லோடு கடை எவ்வளவு பொருந்துகிறது, தேடுபவர் நிற்கும் இடத்திலிருந்து அது எவ்வளவு தூரம், எவ்வளவு பேர் அறிந்த இடம் என்பவையே அவை. இதில் இரண்டாவதை நான் வகுப்பில் தோழியரிடம் சொன்னபோது எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கொழும்பிலுள்ள பெரிய உணவகம் எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் தெரணியகலையில் நின்று பசியோடு தேடுபவருக்கு அருகில் வர முடியாது. தூரம் என்பது இத்தனை காலமும் எமக்குக் குறையாக இருந்தது. இந்த ஒரு விடயத்தில் அதுவே எமக்குப் பலம்.

ஒருவாறு மாமா சம்மதித்தார். நானாவும் நானும் உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தோம். முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. நானா அவசரத்தில் விரலை வைத்ததில் கடையின் குறி சீதாவக்க கங்கைக்குள் போய் விழுந்துவிட்டது. "மாமா, உங்கட கடை ஆத்துக்குள்ள" என்று சொல்லி நாங்கள் சிரித்தாலும், மாமா சிரிக்கவில்லை. "பிழையான இடத்தக் காட்டி ஆளக் கூப்பிட்டா அது பொய் சொன்ன மாதிரித்தானே?" என்றார். போன் தெரியாத மனிதர், போனைப் பற்றி அன்று சொன்ன அந்தச் சொல்தான் இந்தக் கட்டுரைக்கே அடிப்படை.

நாங்கள் குறியைச் சரியான இடத்துக்கு நகர்த்தினோம். கடையின் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தேடிப் பார்த்து, மூன்றிலும் சரியாக வருகிறதா என்று கவனித்தோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடை பூட்டியிருக்கும் என்பதை நேரப் பகுதியில் குறித்தோம். அதைக் குறிக்காவிட்டால் அந்த நேரத்தில் வருபவர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போவார், இரண்டாம் முறை வர மாட்டார். படங்களுக்கு அழகான இடங்களைத் தேடி ஓடாமல் இடியப்பம், சொதி, பராட்டா, மதியச் சோறு ஆகியவற்றை உள்ளது உள்ளபடி எடுத்தோம்.

அழகான காட்சியைப் போட்டால் இன்னும் கூட்டம் வருமே என்று நானா கேட்டது உண்மைதான். ஆனால் கூட்டம் வேறு, வாடிக்கையாளர் வேறு. ஜப்பானில் ஃபுஜி மலைக்கு அருகிலுள்ள ஃபுஜிகவாகுச்சிகோ என்ற சிற்றூரில் லோசன் என்னும் கடைத்தொடரின் கிளை ஒன்று இருக்கிறது. அந்தக் கடையின் கூரைக்கு மேலே மலை தெரியும் படம் சமூக வலைத்தளங்களில் பரவியது. உலகமெங்கிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். வாங்குவதற்கல்ல, எதிர்ப் பக்கத்தில் நின்று படம் எடுப்பதற்கு. பாதையைக் கண்டபடி கடந்தார்கள், குப்பை போட்டார்கள், பக்கத்திலிருந்த பல் வைத்தியசாலையின் வாகனத் தரிப்பிடத்தில் ஏறினார்கள். கடைசியில் 2024 மே மாதம் 20 மீற்றர் நீளமும் 2.5 மீற்றர் உயரமுமான கறுப்புத் திரை ஒன்றைக் கட்டி அந்த ஊர் நிருவாகம் காட்சியையே மறைத்தது. ஆகவே கடைக்கு லொகேஷன் போடும்போது கடையில் என்ன கிடைக்கிறது என்பதைத்தான் காட்ட வேண்டும்.

அடுத்து வந்தது விமர்சனம் எழுதும் விடயம். பக்கத்தைத் திறந்ததும் தோழியர் பத்துப் பேரிடம் சொல்லி ஐந்து ஐந்து நட்சத்திரம் போட வைத்தால் என்ன என்று எனக்கும் தோன்றியது. அவர்களில் பலர் அந்தக் கடையில் ஒரு தேநீர்கூடக் குடித்ததில்லை. இது சின்ன விடயம் என்று நினைப்பவர்கள் லண்டனில் 2017 இல் நடந்ததைக் கேளுங்கள். ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர் தன் வீட்டுத் தோட்டத்திலிருந்த ஒரு கொட்டிலை உணவகம் என்று ட்ரிப்எட்வைசர் தளத்தில் பதிந்தார். நண்பர்களைக் கொண்டு பொய்யான புகழுரைகளை எழுத வைத்தார். சவர நுரையையும் வேறு எதையெதையோ அலங்கரித்துச் சாப்பாடு போலப் படம் எடுத்துப் போட்டார். ஒரு பிடி சோறும் ஆக்காத அந்தக் கொட்டில், லண்டனின் 18,000 க்கும் மேற்பட்ட உணவகங்களில் முதலாம் இடத்துக்கு வந்துவிட்டது! அவர் இதைச் செய்தது அந்த முறையின் ஓட்டையைக் காட்டுவதற்காக. நாம் செய்தால் அது ஏமாற்று.

மதீனாச் சந்தையில் தானியக் குவியல் ஒன்றுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்த சம்பவத்தை நாம் எல்லாரும் மத்ரஸாவில் கேட்டிருக்கிறோம். மேலே காய்ந்த தானியம், அடியில் மழையில் நனைந்தது. வாங்குபவர் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்க வேண்டும் என்பதுதானே அங்கு வியாபாரிக்குக் கிடைத்த பாடம்? உண்ணாதவர் எழுதும் ஐந்து நட்சத்திரம் மேலே பரப்பிய காய்ந்த தானியம் போன்றதே. நான் தோழியரிடம் கேட்கவில்லை. பதிலாக, சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வருபவர்களிடம் மாமாவின் மகன் பணிவாகக் கேட்டான். முதலில் எழுதியவர் ஒரு சிங்கள ஆசிரியர். கறி நல்லது, ஆனால் விசிறி சத்தம் போடுகிறது என்று எழுதியிருந்தார். மாமா அடுத்த வாரமே விசிறியை மாற்றினார். பொய்யான பத்து விமர்சனங்கள் வந்திருந்தால் அந்த விசிறி இன்றும் சத்தம் போட்டுக்கொண்டே இருந்திருக்கும்.

இவ்வளவும் நடந்தபின் வாப்பா மட்டும் சந்தோசப்படவில்லை. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது மெதுவாகக் கேட்டார்: "நாம இருக்கிற இடத்த நாமளே எல்லாருக்கும் காட்டிக் கொடுக்கணுமா மகள்?" அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. வாப்பாவின் பயம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கறியில் கிடந்த ஏதோ ஒரு கட்டியைக் கருத்தடை மாத்திரை என்றார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத ஒருவர், சூழ்ந்து நின்ற கூட்டத்தின் முன்னால் பயத்தில் தலையாட்டினார். அந்தக் காணொளி முகநூலில் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாத்திரையல்ல, மாப்பொருள் கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு அறிவித்தார். அதற்கிடையில் மார்ச் மாதம் திகனையிலும் கண்டியின் ஏனைய பகுதிகளிலும் வீடுகளும் கடைகளும் எரிந்துவிட்டன. நாட்டில் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டு முகநூலும் வட்ஸ்அப்பும் சில நாட்கள் முடக்கப்பட்டன. அந்த வன்முறையில் தமது தளம் பயன்படுத்தப்பட்டதற்காக முகநூல் நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கேட்டது. அப்போது நான் சிறுமி. ஆனாலும் வாப்பா இரவில் கதவை இரண்டு முறை பார்த்துவிட்டு வந்து படுத்தது நினைவிருக்கிறது.

பல நாள் யோசித்த பிறகு வாப்பாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். அம்பாறைக் கடை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத் தாக்கியவர்களுக்கு மெப் தேவைப்படவில்லை. கடை என்பது தெருவைப் பார்த்துத் திறந்திருப்பது. அதை ஒளிக்க முடியாது, ஒளித்தால் அது கடையும் அல்ல. அன்று அந்தக் கடையைப் பற்றி உலகம் பார்த்தது பகைவர் எடுத்த காணொளியை மட்டுமே. அங்கே வருடக்கணக்காகச் சாப்பிட்டவர்களின் வார்த்தை எங்கும் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை. மாமாவின் கடைப் பக்கத்தில் இன்று ஒரு சிங்கள ஆசிரியரும், தோட்டத்துத் தமிழ் இளைஞர் ஒருவரும், கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பமும் தாங்கள் கண்டதை எழுதியிருக்கிறார்கள். ஒரு வதந்தியைத் தடுத்து நிறுத்த இது போதும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எம்மைப் பற்றி எம்மோடு சாப்பிட்டவர்கள் சொன்ன சாட்சி ஏற்கெனவே அங்கே இருக்கும். மேலும், கூகுள் மெப்பில் எவரும் ஒரு கடையைச் சேர்க்கலாம், 'இது மூடப்பட்டுவிட்டது' என்று திருத்தம் அனுப்பவும் செய்யலாம். ஆகவே உரிமையாளர் தன் பக்கத்தைத் தன் பெயரில் உறுதிப்படுத்தித் தன் கையில் வைத்திருப்பதே பாதுகாப்பு.

வாப்பா முழுமையாகச் சம்மதித்தாரா தெரியாது. "சரி, கடைக்குச் சரி" என்றார். அந்த 'கடைக்கு' என்ற சொல்லில் எவ்வளவு அர்த்தம் இருந்தது என்பது சாச்சியின் விடயத்தில்தான் விளங்கியது.

சாச்சி வீட்டில் வட்டிலப்பம் செய்து விற்பவர். எமது பக்கத்துக் கித்துள் கருப்பட்டியில் செய்வதால் அதற்கு நல்ல பெயர். கல்யாண வீடுகளுக்கும் பெருநாளைக்கும் சொல்லி வைத்து வாங்குவார்கள். மாமாவின் கடைக்குப் பக்கம் திறந்த உற்சாகத்தில் எமது குடும்பத்துப் பிள்ளை ஒன்று, சாச்சியிடம் கேட்காமலே, வட்டிலப்பப் படத்தோடு அவரது வீட்டின் லொகேஷனையும் போன் இலக்கத்தையும் போட்டுவிட்டது. இரண்டு நாட்களில் நான்கு ஓடர் வந்தது. மூன்றாம் நாள் இரவு பத்தரை மணிக்கு முன்பின் தெரியாத இருவர் மோட்டார் சைக்கிளில் வந்து கேற்றடியில் நின்று கூப்பிட்டார்கள். சாச்சா வெளிநாட்டில். வீட்டில் சாச்சியும் இரண்டு பெண் பிள்ளைகளும் மட்டும். வந்தவர்கள் உண்மையிலேயே வட்டிலப்பம் வாங்க வந்தவர்களாகவும் இருக்கலாம். ஆனால் அன்றிரவு அந்த வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை. மறுநாள் சாச்சி பதிவை அழிக்கச் சொன்னார். அதோடு, "இனி வியாபாரமே வேணாம்" என்றும் சொன்னார்.

அவர் அதைச் சொன்னபோதுதான் எனக்கு வலித்தது. அந்தப் பணத்தில்தான் தங்கை இருவரின் டியூஷன் காசு போகிறது. பிறர் வீட்டுக்குள் நுழையும் முன் ஸலாம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும் என்று சிறு வயதிலேயே எமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். மெப்பின் வழியாக ஆயிரம் பேரை ஒரு வீட்டு வாசலுக்கு அனுப்பும் முன் அந்த அனுமதியைக் கேட்க வேண்டாமா? கடைக்கு வருபவர் முன் மேசையோடு நின்றுவிடுவார். வீட்டுக்கு அப்படி ஒரு மேசை இல்லை.

ஆனால் பயந்து வியாபாரத்தையே மூடுவதும் சரியல்ல. தேடிப் பார்த்ததில் வழி இருந்தது. முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்த ஊர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்பதை மட்டும் காட்டும் வசதி கூகுளிலேயே உண்டு. வாடிக்கையாளர் வந்து வாங்காத வீட்டுத் தொழில்கள் அப்படித்தான் பதிய வேண்டும் என்பது அதன் விதியும்கூட. சாச்சியின் பக்கத்தில் இப்போது தெரணியகலை, தெஹியோவிட்டை, அவிசாவளை என்ற ஊர்ப் பெயர்கள் மட்டுமே தெரிகின்றன. ஓடருக்கு வட்ஸ்அப் வியாபாரக் கணக்கு, அதற்கென்று தனி இலக்கம், இரவு எட்டு மணிக்குப் பிறகு பதில் இல்லை. நேரில் எடுக்க விரும்புபவர்கள் மாமாவின் கடையில் வந்து எடுக்கலாம். அதனால் மாமாவுக்கும் ஒரு பிளேன்டி வியாபாரம் நடக்கிறது. பெருநாளைக்கு முந்திய வாரம் சாச்சிக்கு முட்டை வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்றால் பாருங்களேன்!

என் தோழியருக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் மெப்பில் இல்லாத கடை ஒன்றையாவது இந்த விடுமுறையில் உரிமையாளரிடம் கேட்டு ஏற்றுங்கள். தையல் கடை, பேக்கரி, சைக்கிள் திருத்துபவர், பாணி விற்கும் முதியவர் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். குறி சரியான இடத்தில் நிற்கிறதா என்று நேரில் நடந்து போய்ப் பாருங்கள். சாப்பிடாததைப் புகழாதீர்கள். ஒரு கடையில் இருந்துகொண்டே 'இங்கே இருக்கிறேன்' என்று பதிவிடாமல், வீட்டுக்கு வந்த பிறகு பதிவிடுங்கள். கடைக்குக் கிடைக்கும் விளம்பரம் அதனால் குறையப் போவதில்லை. எந்த வீட்டின் வாசலையும், உங்கள் வீடு உட்பட, குறியாக்காதீர்கள்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல ஆசை. போனைப் பறித்து வைத்தால் வாப்பாவின் பயம் தீரும், ஆனால் மாமாவின் கொப்பி தடித்துக்கொண்டே போகும். எம்மோடு உட்கார்ந்து எதைக் காட்டலாம், எதை மறைக்க வேண்டும் என்று கேளுங்கள். எமக்குப் போனின் வழி தெரியும், உங்களுக்கு ஊரின் வழி தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் குறி ஆற்றுக்குள் விழாமல் கடை வாசலில் நிற்கும்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவின் கடைக்கு முன்னால் ஒரு வேன் வந்து நின்றது. டிசம்பரில் வந்த அதே வேனா என்று எனக்குத் தெரியாது. இறங்கியவர் யாரிடமும் வழி கேட்கவில்லை. போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "எட்டுப் பேருக்குச் சோறு இருக்கா?" என்று கேட்டார். மாமா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கோப்பைகளை எடுக்க உள்ளே போனார்.